பதிமூன்று சிவப்பு

ஜீப் எருமைக்காக நின்றதே தவிர, வெள்ளையம்மாளுக்காக நிற்கவில்லை. எட்டு மணியிலிருந்து பால் சொசைட்டி வாசலில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள் அவள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீலக்கரைப் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள். கஞ்சி கொஞ்சம் கூடிப்போய் முந்தானை தகடு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. கோதண்டபாணி வீட்டு எருமை ரோட்டைக் கடக்கும்வரை ஜீப் உறுமிக்கொண்டு காத்திருந்தது. முன்சீட்டிலிருந்து டாக்டரம்மா கையை ஆட்டினார். பின்னாலிருந்து சவுரியம்மா சிஸ்டர் தலையை நீட்டி, "மொதல்ல காலனிக்குப் போய்ட்டு வந்துர்றோம் வெள்ளையம்மா" என்றார். எருமை ஒதுங்கியது, ஜீப் போனது. போட்ட கஞ்சிக்குப் பலன், புடவையில் தூசி நன்றாக ஒட்டிக்கொண்டதுதான்.

"இன்னா வெள்ளையம்மா, ஆஸ்பத்திரிக்காரங்க ஒனக்குத் தூசியாவது குடுத்துட்டுப் போனாங்களே!" என்றார் கோதண்டபாணி. பால் சொசைட்டிக்குச் செயலாளர், ஊர் வாய்க்கும் அவர்தான் செயலாளர். பால் ஊற்ற வந்த பெண்கள் சிரித்தார்கள். வெள்ளையம்மாளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கோதண்டபாணி மேல் இல்லை, டாக்டரம்மா மேலும் இல்லை. இந்நேரம் காலனியில் ஜீப்பின் கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருப்பாளே லூர்துமேரி, அவள் மேல்.

கிளியனூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிற ஊர் அது. திண்டிவனத்து மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் முந்தின வருஷம் வந்து வீட்டுக்கு வீடு கதவில் நம்பர் எழுதி, யார் யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் எத்தனை, இறந்தது எத்தனை, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஊருக்கு ஒருத்தி, காலனிக்கு ஒருத்தி என்று இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஊருக்கு எட்டாவது படித்த வெள்ளையம்மாள், காலனிக்கு ஆறாவதோடு நின்றுபோன லூர்துமேரி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து கணக்குக் கொடுப்பதுதான் முக்கியமான வேலை. காய்ச்சல் மாத்திரை, பேதிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர், தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது இதெல்லாம் கூட.

அளப்பதற்குத் தராசு கிடையாது, பட்டைதான். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிமைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி, விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, அளவு பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரிசையாகப் பெயிண்ட் அடித்த பட்டை. பிள்ளையின் மேல்கையில் சுற்றினால் பட்டையின் முனை எந்த நிறத்தில் வந்து தொடுகிறதோ அதுதான் பிள்ளையின் நிலைமை. பச்சை என்றால் பிள்ளை தேறும். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் அந்தக் கையில் சதையே இல்லை என்று அர்த்தம். பட்டையை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும் என்றார் சிஸ்டர். பிளேடைப் பிடித்தாலே வெள்ளையம்மாளுக்குக் கை நடுங்கும். இரண்டு பிலிம் பாழாயிற்று. மூன்றாவதைப் பக்கத்தில் இருந்த லூர்துமேரி வாங்கி, மூச்சுப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்டிக் கொடுத்தாள். யாரோ ஒருத்தருடைய விலா எலும்பு அதில் சாம்பல் நிறத்தில் லேசாக மிச்சமிருந்தது. வர்ணம் அடித்து முடித்ததும், சிவப்பு முடிகிற இடத்தில் பட்டையின் ஓரத்தில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டும் வைத்தாள். "பெயிண்ட் தேஞ்சி போனாக்கூட வெரலு கண்டுபுடிச்சிக்கும்க்கா" என்றாள்.

அக்கா. பயிற்சியில் எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் அக்கா, தங்கச்சி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். லூர்துமேரி அதை ரொம்ப ஒழுங்காகச் செய்வாள். திண்டிவனத்தில் அக்கா, பஸ்ஸில் அக்கா, கிளியனூரில் இறங்கி நடக்கிற வழியில் பாதி தூரம் வரைக்கும் அக்கா. ஊர் எல்லைப் புளியமரம் வந்ததும், யாரும் சொல்லாமலே, பத்தடி பின்தங்கி "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுக் காலனிப் பாதையில் திரும்பிவிடுவாள். அந்த 'அம்மா' என்கிற வார்த்தை வெள்ளையம்மாளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கம் அவள் வாசல் வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோகும்.

தீராமல் போனது வேறு. மாதக் கூட்டத்தில் டாக்டரம்மா லூர்துமேரியின் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இப்படித்தான் எழுதணும்" என்று சொன்னது. எட்டாவது படித்தவள் நோட்டு மடியில் கிடக்க, ஆறாவது படித்தவள் நோட்டு பதினெட்டு ஊர்ப் பெண்கள் கையிலும் சுற்றி வந்தது. போன ஐப்பசி மழையில் காலனியில் பொன்னியின் குழந்தை பேதியில் கண் செருகிப்போனபோது, லூர்துமேரி வழியெல்லாம் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கிளியனூர் வரை சேற்றில் தூக்கிக்கொண்டு ஓடி பஸ் பிடித்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள், வெள்ளையம்மாளும் தட்டினாள். அப்படித் தூக்கிக்கொண்டு ஓட நம் தெருவில் ஒரு பிள்ளை இல்லாமல் போயிற்றே என்று ஒரு நினைப்பு தட்டிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. சீ என்று அதைத் தள்ளினாள். தள்ளினது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அதற்கடுத்த தை மாதக் கூட்டத்தில்தான் டாக்டரம்மா கஞ்சி மையத்தைப் பற்றிச் சொன்னார். ஊருக்கு ஒன்று. தினமும் காலையில் பிள்ளைகளுக்குக் கேப்பை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம் போட்ட சத்துக் கஞ்சி, செவ்வாய்க்கிழமை முட்டை, வாரம் ஒருமுறை நர்ஸ். மையம் எந்தத் தெருவில் வருகிறதோ அந்தத் தெரு ஹெல்த் ஒர்க்கர்தான் பொறுப்பு. "எங்க தேவை ஜாஸ்தியோ அங்கதான் வைப்போம். சிவப்பு எங்க அதிகம்னு இந்தத் தடவ அளந்துட்டு வாங்க" என்றார். ஊரில் வைத்தால் காலனிப் பிள்ளைகளும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்பது டாக்டரம்மாவின் எண்ணம். அவர் திண்டிவனத்தில் இருக்கிறவர். வரமாட்டார்கள், வரவும் விடமாட்டார்கள் என்பது ஊரில் எருமைக்கும் தெரியும்.

போன தடவைக் கணக்கில் காலனியில் பதினொரு சிவப்பு, ஊரில் நான்கு. வெள்ளையம்மாள் பஸ்ஸில் வரும்போதே விரல் விட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக மழை சரியில்லை, மல்லாட்டை கருகிப்போயிற்று, ஊரிலும் யார் வீட்டிலும் முன்போல இல்லை. அவள் வீட்டிலேயே முன்போல இல்லை. புருஷன் தேவநாதன் கிணற்றைத் தூர் வாரி வாரிக் களைத்துப்போயிருந்தான். ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் மஞ்சளில் நின்றார்கள், சிவப்புக்கு இறங்கவில்லை. அவளுக்கு அது கோபமாக வந்தது. நம்ம தெருவில்தான் மையம் வரும் என்று குழாயடியில் நான்கு பேரிடம் சொல்லி வேறு விட்டாள்.

ஊரில் அளக்கத் தொடங்கும் முன்னால், ஒரு மத்தியானம், தேவநாதன் வயலுக்குப் போனபிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்த சிவப்புப் பெயிண்ட் டப்பாவின் அடியில் கெட்டியாகக் கொஞ்சம் இருந்தது. வேப்பங்குச்சியை மென்று பிரஷ் செய்தாள். பட்டையைத் தவிட்டுப் பானையின் மூடிமேல் வைத்து, சிவப்பு முடிகிற இடத்திலிருந்து மஞ்சளுக்குள் ஒரு நகக்கண் அகலத்துக்குப் பூசினாள். அவ்வளவுதான். ஒரு நகக்கண். பிளேடு பிடித்தால் நடுங்குகிற கை அன்றைக்கு நடுங்கவேயில்லை. மாடு தலையைத் திருப்பிப் பார்த்தது. "ஒனக்கு இன்னா வந்திச்சி?" என்று அதை அதட்டினாள்.

முதலில் தன் பெண் அம்சாவை அளந்தாள். மூன்று வயது, மஞ்சள். இப்போது சிவப்பு. பெற்ற பிள்ளையை ஒல்லி என்று எழுதும்போது மனசு ஒருகணம் சுணங்கியது, ஆனால் தன் பிள்ளையிலிருந்து ஆரம்பித்தால் நாளைக்கு எவளும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. தெரு முழுக்க அளந்து முடித்தபோது பதிமூன்று. கூட்டிப் பார்த்தபோது அவளுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம்தான். பதினொன்றைவிட இரண்டு கூட.

திண்டிவனத்தில் கணக்கைப் பார்த்து டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "நாலு எப்படி பதிமூணாச்சு? பஞ்சம்தான், இருந்தாலும்..." என்று சொல்லி லூர்துமேரியின் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லூர்துமேரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடையதும் அதே பதினொன்றுதான். ஒன்று கூடவில்லை, குறையவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஊர்ப் புள்ளைங்களுக்கும் கஷ்டந்தான இந்த வருஷம். எங்க வச்சா இன்னாக்கா, கஞ்சி கஞ்சிதான்" என்றாள். அதைச் சொன்ன குரலில் குத்தல் இருக்கிறதா என்று வெள்ளையம்மாள் தேடித்தேடிப் பார்த்தாள். இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுக்கொண்டு நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருக்கலாம்.

மையத்துக்கு இடம் பார்க்க வியாழக்கிழமை வருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதோ அந்த வியாழக்கிழமைதான் இன்று. மையத்துக்கு இடம் பார்க்க வந்த ஜீப்தான் எருமைக்கு வழிவிட்டுவிட்டுக் காலனிக்குப் போயிருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து, டாக்டரம்மாவைக் காலனியில் விட்டுவிட்டு ஜீப் திரும்பி வந்து சொசைட்டி எதிரே வேப்பமரத்தடியில் நின்றது. சவுரியம்மா சிஸ்டர் இறங்கினார். பின்னாலேயே லூர்துமேரியும் இறங்கினாள். ஊர்த் தெருவில், ஆஸ்பத்திரி ஜீப்பிலிருந்து, செருப்புக் காலோடு. இறங்கின உடனே அவளே செருப்பைக் கழற்றி ஜீப்புக்குள் போட்டுவிட்டாள்.

"மாத்தி அளக்கப் போறோம் வெள்ளையம்மா" என்றார் சிஸ்டர். "ஒன் தெருப் புள்ளைங்கள மேரி அளக்கட்டும். பத்துப் புள்ள போதும். கூப்புடு."

மாற்றி அளப்பது ஆஸ்பத்திரியின் விதி. இவள் தெருப் பிள்ளைகளை அவளும், அவள் தெருப் பிள்ளைகளை இவளும் மறுபடி அளந்து கணக்கைச் சரிபார்க்க வேண்டும். அந்த விதி இந்த ஊருக்குள் இதுவரை வந்ததே இல்லை. லூர்துமேரி வந்து ஊர்ப் பிள்ளைகளைத் தொடுவதாவது. வெள்ளையம்மாளே பத்துப் பெயரையும் எழுதி பஸ்ஸில் நீட்டுவாள், லூர்துமேரி கையெழுத்துப் போடுவாள். காலனியிலும் அதேபோலத்தான். மாதா சிலை வைத்த கெபி பக்கத்தில் ஒரு கல்லில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருப்பாள், லூர்துமேரி அளந்து சத்தமாகச் சொல்வாள், இவள் எழுதிக்கொள்வாள். ஒரு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குச் சொன்ன பொய் அது. அந்தப் பொய்யில் மட்டும் இரண்டு பேரும் சமமாக இருந்தார்கள்.

"சிஸ்டர், அவங்கள்லாம் ஒத்துக்க மாட்டாங்க" என்று வெள்ளையம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"கஞ்சி வேணும்னா ஒத்துக்குவாங்க" என்றார் சிஸ்டர். சத்தமாகவே சொன்னார். "மேரி, டேப்ப எடு."

"என்து முறிஞ்சிட்ச்சி சிஸ்டர். காலைல சொன்னனே. சின்னவன் வளச்சி வளச்சி ரெண்டாக்கிட்டான்."

"அப்ப வெள்ளையம்மா டேப்ப வாங்கிக்கோ. ஜல்தி, வெயில் ஏறுது."

துணிப்பைக்குள் கையை விட்டு வெள்ளையம்மாள் ரொம்ப நேரம் தேடினாள். பட்டை முதலிலேயே விரலில் தட்டுப்பட்டுவிட்டது. வீட்டிலே வைத்துவிட்டேன் என்று சொல்லலாம். அளக்கிறதற்கென்றே கஞ்சி போட்ட புடவையில் வந்து நிற்கிறவள் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? எடுத்து நீட்டினாள். லூர்துமேரி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினாள். தொடாமல் வாங்கிக்கொள்கிற பழக்கம். பட்டை மேலேயிருந்து விழுந்தது.

பிள்ளைகளை யாரும் அளக்கக் கொடுக்கவில்லை. தாய்மார்கள் வந்தார்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்து வேப்பமர நிழலின் ஓரத்தில் நின்றார்கள், நிழலுக்குள் வரவில்லை. கிருஷ்ணவேணி என்கிறவள் பிள்ளையின் கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். கோதண்டபாணி பால் அளக்கிற லிட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"மொத நம்பர் யாரு?" என்று சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். "அம்சா. ஒன் பொண்ணுதான வெள்ளையம்மா? நீ மொதல்ல குடு, மத்தவங்க பின்னாலயே வருவாங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளையம்மாள் பெண்களோடு நின்றுகொண்டிருந்த அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிழலுக்குள் போனாள். லூர்துமேரி குந்தி உட்கார்ந்து, "வாடா கண்ணு" என்றாள். புதுமுகத்தைப் பார்த்து அழும் என்று வெள்ளையம்மாள் எதிர்பார்த்தாள், கொஞ்சம் ஆசைப்படக்கூடச் செய்தாள். அழவில்லை. நாய்க்குட்டியிடம் நிற்கிற மாதிரி அம்சா அவளிடம் நின்றது. லூர்துமேரி பாவாடைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே விரலால் ஒரு புள்ளி பார்த்து, பட்டையைச் சுற்றினாள். இறுக்கவுமில்லை, தளரவிடவுமில்லை. எவ்வளவு அழகாகச் செய்கிறாள் பாவி என்று அந்த நேரத்திலும் வெள்ளையம்மாளுக்குத் தோன்றியது.

பட்டையின் முனை சிவப்பில் வந்து தொட்டது.

அது எங்கே தொட்டது என்று பார்ப்பதற்காக லூர்துமேரி கட்டைவிரலைப் பட்டையின் ஓரமாக நகர்த்தினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கேயே ஒருமுறை முன்னும் பின்னும் தடவியது. வெள்ளையம்மாளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எறும்பு கடித்த மாதிரி அந்த வெட்டு. மேலே பூசினாளே தவிர ஓரத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு முடிய வேண்டிய இடம் அது. அதைத் தாண்டியும் சிவப்பு போய்க்கொண்டிருந்தது.

லூர்துமேரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சிஸ்டரை இல்லை, வெள்ளையம்மாளை. ஒரு வருஷத்தில் அவள் இவள் கண்ணை நேராகப் பார்த்தது பஸ்ஸுக்குள் மட்டும்தான். இந்தப் பார்வையில் ஆத்திரம் இல்லை. பொன்னியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று வெள்ளையம்மாள் கேள்விப்பட்டுத்தான் இருந்தாள். இப்போது பார்த்தாள். அந்த முகம் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இன்னா கலரு மேரி?" என்றார் சிஸ்டர், பென்சிலை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு.

லூர்துமேரி உதட்டை நனைத்துக்கொண்டாள். கண்ணை எடுக்கவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது வெள்ளையம்மாளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. சிவப்பு என்று சொல்லப்போகிறாள். பதினொரு பிள்ளைகளின் கஞ்சியை அப்படியே இவள் கையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி புளியமரத்தில் திரும்பி, "வர்றேம்மா" என்று போய்விடப்போகிறாள். யாரிடமும் சொல்லமாட்டாள். ஆயுசுக்கும் சொல்லமாட்டாள். நோட்டும் அவளுடையதுதான் நன்றாக இருக்கும், கையும் அவளுடையதுதான் நடுங்காது, இனிமேல் பெரிய மனசும் அவளுக்குத்தான். அதைத் தின்றுகொண்டு இவள் காலம் முழுக்க இருக்க வேண்டும்.

அதையும் அவளுக்கே கொடுத்துவிடுவதா?

"மஞ்ச, சிஸ்டர்" என்றாள் வெள்ளையம்மாள்.

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு சத்தமாக வந்துவிட்டது. சிஸ்டரின் பென்சில் நின்றது. "நான் கேட்டது மேரிய."

"மேரி ஒன்னியும் சொல்லத் தேவயில்ல. எம் பொண்ணு மஞ்சதான். எல்லாமே..." என்று ஆரம்பித்து, அம்சாவின் கையில் சுற்றியிருந்த பட்டையைக் காட்டினாள். நிழலின் ஓரத்தில் கிருஷ்ணவேணி பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ கேட்டாள். கோதண்டபாணி கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

லூர்துமேரி பட்டையை மெதுவாக அவிழ்த்தாள். மாட்டுக் கொம்புப் பெயிண்ட், பிலிம்மேல் சரியாகக் காயாமல் இருந்ததுபோல. வெயிலுக்கும் பிள்ளையின் வேர்வைக்கும் இளகி, அம்சாவின் கையில் ஒரு நகக்கண் அகலத்துக்குச் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. அம்சா அதை ஆசையாகப் பார்த்துவிட்டு, இன்னொரு கையையும் லூர்துமேரியிடம் நீட்டியது.